வீட்டுக்கென்று விட்ட மூலை

எங்கள் ஊரில் பயறு வயலுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசி எடுப்பு முடிந்துவிட்டால் அந்த வயல் ஊருக்குப் பொது. செடியில் தப்பிய காய், தரையில் உதிர்ந்த மணி எல்லாம் இறங்கிப் பொறுக்குகிறவர்களுக்கு. நிலத்துக்காரன் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கலாம். கூடாது என்று வாய் திறக்கக் கூடாது. திறந்தால் கஞ்சன் என்று ஒரு பெயர் வரும். அந்தப் பெயர், அவன் பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போகிற வீட்டில் அவனுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும்.

என் பெயர் அரிகரன். கரையாம்புத்தூரில் இரண்டு காணி நஞ்சை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் மனைவி ஆதிலட்சுமி சொல்வாள். பேச வேண்டிய இடத்தில் மட்டும் அது குட்டையாகிவிடும். அப்படிக் குட்டையான ஒரு நாளைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பச்சைப்பயறு அதிகம் கேட்காத பயிர். சம்பா நெல் அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் விதையைக் கையால் இறைத்துவிட வேண்டும். தரை ஒரு பதத்தில் இருக்க வேண்டும்: கால் வைத்தால் தடம் பதியணும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. சூட்சுமம் அவ்வளவுதான். அறுப்பு வண்டி ஓடும்போது அதன் தடத்தில் கொஞ்சம் நசுங்கும், மிச்சம் தாளுக்கு நடுவில் நிமிர்ந்துகொள்ளும். அப்புறம் உழவு இல்லை, பாய்ச்சல் இல்லை, உரம் இல்லை. மாசிப் பனியைக் குடித்து, பங்குனி வெயிலில் காய் கறுத்து, அறுபத்தைந்து நாளில் வீட்டுக்கு வந்துவிடும். போகிற போக்கில் வேர் முடிச்சு வழியாக மண்ணுக்கும் கொஞ்சம் சத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். கரும்பு மாதிரி வருஷம் பூராவும் நம்மை மிரட்டாது.

எனக்கு அதன்மேல் சொந்தமாக ஒரு பிரியமும் உண்டு. நாலு வருஷமாகச் சர்க்கரை. டாக்டர் சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் பயறைப் போடச் சொன்னார். வேகவைத்த பயறு ஒரு கிண்ணம், கொஞ்சம் வெங்காயம், எலுமிச்சைச் சாறு. முதல் மாதம் மாட்டுத் தீவனம் என்று முனகினேன். மூன்றாவது மாதம் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதும் முனகல் நின்றது. பயறு நிதானமாகச் செரிக்கும், சர்க்கரையைத் திடுதிப்பென்று ஏற்றாது, பசியும் தாங்கும் என்று இப்போது பஸ் ஸ்டாப்பில் நானே ஊருக்கு உபதேசம் செய்கிறேன்.

ஆனால் பயறில் ஒரு தொல்லை இருக்கிறது. காய் ஒரே நாளில் பழுக்காது. கீழே கறுத்திருக்கும்போது மேலே பச்சையாக இருக்கும், நுனியில் பூவே இருக்கும். அதனால் மூன்று தடவை எடுக்க வேண்டும். பெண்கள் விடியலிலேயே, பனி ஈரம் இருக்கும்போது இறங்குவார்கள். வெயில் ஏறினால் காய் கையிலேயே வெடித்துவிடும். கூலி பணமாக வாங்க மாட்டார்கள். எட்டுப் படிக்கு ஒரு படி. அந்தப் படிகள்தான் அவர்கள் வீட்டில் வருஷம் பூராவும் குழம்பாகவும் சுண்டலாகவும் வேகும்.

போன வருஷம் எடுக்க ஆளே இல்லை. இளம் பெண்கள் எல்லாம் திருவாண்டார்கோயில் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வேன் ஏறிவிட்டார்கள். வேலம்மாள் அக்கா தலைமையில் வழக்கமாகப் பதினைந்து பேர் வருவார்கள். அந்த முறை ஏழு பேர்தான் தேறினார்கள். ஏழு பேரை வைத்துக்கொண்டு இரண்டு காணியை எடுத்து முடிப்பதற்குள் பாதி வெடித்துக் கொட்டிவிடும். அறுப்பு வண்டிக்காரனைக் கேட்டேன். செடி பச்சையாக இருந்தால் வண்டியில் சுற்றிக்கொள்ளும், காய வைத்துக் கூப்பிடு என்றான். எப்படிக் காய வைப்பது என்று மருந்துக் கடையில் கேட்டேன். களைக்கு அடிக்கிறதையே அடி, அஞ்சு நாளில் மொறுமொறு என்று ஆகிவிடும் என்றார் கடைக்காரர். சாப்பிடுகிற பொருளாச்சே என்று இழுத்தேன். பெருசா ஒண்ணும் ஆவாது, எல்லாரும் செய்றாங்க என்றார். நான் கேட்க நினைத்ததும் அந்த வார்த்தையைத்தான்.

வீட்டுக்கு வந்து ஆதிலட்சுமியிடம் சொன்னேன். "நம்ப வூட்டுக்கு?" என்று கேட்டாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். போர்வெல் மோட்டார் கொட்டகைக்கு ஓரமாக ஒரு மூலையை விட்டுவிடலாம், அதைக் கையால் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். காற்றில் மருந்து அந்தப் பக்கம் வராமல் இருக்க, கம்பு நட்டு அவளுடைய பழைய புடவைகள் ஆறை வரிசையாகக் கட்டினோம். புருஷனும் பெண்டாட்டியும் அவ்வளவு ஒற்றுமையாக ஒரு வேலை செய்து பல வருஷம் ஆகியிருந்தது.

ஆட்டுக்குப் புல் அறுக்க வந்த வேலம்மாள் அக்கா வரப்பில் நின்று சிரித்தாள்.

"இன்னா தம்பி, வயலுக்கு வளகாப்பா? கலர் கலரா பொடவ கட்டிகிற."

"மயிலுக்குக்கா. போர் ஓரம் ரொம்ப மேயுது."

"ஆமாம்பா, மயிலு தொல்ல தாங்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எங்கள் பக்கம் மயிலுக்குப் புடவை கட்டுவது சகஜம். பொய் இவ்வளவு சுலபமாக வந்து விழும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் விடிவதற்குள், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் மருந்து அடித்தேன். சொன்னபடியே ஐந்தாம் நாள் வயல் வெந்துபோய் நின்றது; பார்க்கிறவர்களுக்கு வெயிலில் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். வண்டி வந்து ஒரு மணி நேரத்தில் அறுத்துவிட்டுப் போனது. கை எடுப்பில் சிந்துவதைவிட நாலு மடங்கு சிந்தியிருந்தது. அறுத்த சூடு ஆறுவதற்குள் ஏழு பெண்களும் முறத்தோடும் பையோடும் வந்து வரப்பில் நின்றார்கள். எடுப்புக் கூலி போய்விட்ட வருஷத்தில் அவர்களுக்கு இதுதான் மிச்சம்.

அந்த இடத்தில்தான் நான் பேசியிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் என் மூட்டைகளைப் பற்றிப் பேச்சு வரும். வில்லியனூர் வியாபாரி பக்கீர் முகமது காதுக்குப் போகும். காரணம் சொல்லாமல் தடுத்தால் கஞ்சன் பட்டம். இரண்டையும் மனதில் எடைபோட்டுப் பார்த்தேன்; மூன்றாவதாக, அதைத் தின்னப் போகிற வயிறுகள் இருப்பதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். "எவ்ளோ வேணா எடுத்துக்குங்க" என்று பெரிய மனுஷனைப் போலக் கையை வீசினேன்.

"நல்லா இருப்ப தம்பி" என்றாள் வேலம்மாள் அக்கா. "எம் மருமவ சுகன்யாக்கு ஏழாவது மாசம். ரெத்தம் கம்மியாக்கீதுன்னு நர்சம்மா தெனமும் முளை கட்டுன பயிறு துன்னச் சொல்லிக்கீது. கடையில வாங்குறது எப்படி இருக்குதோ. உன் வயல்துன்னா மருந்து மாயம் கெடையாது."

நான் போர் கொட்டகைப் பக்கம் திரும்பி, மோட்டாரில் ஏதோ பார்ப்பதுபோல நின்றேன்.

அதற்குப் பிறகு எட்டு நாள். வெந்த பிறகு என்ன இருக்கப் போகிறது, கழுவினால் போய்விடும், ஒரு பிடி பயறில் என்ன வந்துவிடும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். ஜெயித்த மாதிரியும் இருந்தது. ஒன்பதாம் நாள் பால் ஊற்றுகிற இடத்தில் வேலம்மாள் அக்கா யாரிடமோ சலித்துக்கொண்டிருந்தாள்.

"வந்து வாய்ச்சிது பாரு. ஒரு பிடி பயிறு முளை கட்டத் தெரியல. ஊற வெச்சா கொழகொழன்னு நாறுது. மூணு வாட்டி பண்ணிட்டா. அவ கை வெச்சா வெதைகூட முளைக்க மாட்டேங்குதே, அந்த வவுத்துல இருக்கிறது எப்படிக்கீதோ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சமையல்கட்டில் ஈரத் துணி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள் ஆதிலட்சுமி. உள்ளே போர் ஓரத்துப் பயறு, விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று முளைவிட்டிருந்தது. கூடத்தில் அடுக்கியிருந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துவந்து தண்ணீரில் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது நூற்றுக்குப் பத்துகூட முளைக்கவில்லை. மிச்சம் உப்பி, நுரை தள்ளிக் கிடந்தது. மருந்தினாலா, பிஞ்சாகச் சுருண்டதாலா, எனக்குத் தெரியாது. சுகன்யாவின் கையினால் இல்லை என்பது தெரிந்தது.

"அந்தப் பொண்ணு திட்டு வாங்கினுகீது" என்றாள் ஆதிலட்சுமி.

சாயங்காலம் போர் ஓரத்துப் பயறில் மூன்று படி அளந்து பையில் கட்டிக்கொண்டு வேலம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லப் போனேன் என்று நினைக்காதீர்கள். மாற்றிக்கொண்டு வந்துவிடத்தான் போனேன். அக்கா ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். சுகன்யா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே மஞ்சள் தட்டியிருந்தது.

"இத வெச்சிக்கோம்மா. அன்னிக்கி எடுத்த பயிற எனக்குக் குடுத்துடு. எனக்கு வெதைக்கு வேணும்."

சுகன்யா பையைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அது முளைக்கவே இல்லியே மாமா. வெதைக்கு எப்படி ஆவும்?"

நான் ஆட்டின் பக்கம் பார்வையைத் திருப்பினேன்.

"இது வேற மாதிரி இருக்குதே" என்று ஒரு பிடியை அள்ளினாள். "இது எங்க எடுத்தது?"

"போர் ஓரம்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு வேலம்மாள் அக்கா நிமிர்ந்தாள். "பொடவ கட்டியிருந்தியே, அங்கயா?"

"ஆமாக்கா."

"மயிலுக்குன்னு சொன்ன."

அதற்குமேல் ஒளிய இடமில்லை. சொன்னேன். களைக்கு அடிக்கிற மருந்து, ஐந்து நாள், வண்டி, எல்லாம். சொல்லிவிட்டு, வாய் நீளமானவனுக்கே உரிய புத்தியோடு, "பெருசா ஒண்ணும் ஆவாதுன்னுதான் கடைக்காரரு சொன்னாரு" என்று ஒரு வாலையும் ஒட்டினேன்.

"ஒண்ணும் ஆவாதுன்னா பொடவ எதுக்குடா கட்டுன?"

முப்பது வருஷமாக என்னைத் தம்பி என்று கூப்பிட்டவள் அன்றைக்குத்தான் என்னை டா போட்டாள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சுகன்யா என்னைத் திட்டவில்லை. அவள் முதலில் மாமியாரைத்தான் பார்த்தாள். "கேட்டுக்கினியா அத்த? எங் கைமேல தப்பு இல்ல" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நாள் வாங்கிய பேச்சு அந்த அழுகையில் கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை நின்ற பிறகுதான் அவளுக்கு மற்றது புரிந்தது. கை தானாக வயிற்றுக்குப் போனது.

"முளைக்கலன்னு வேகவெச்சி சாப்ட்டேன் மாமா. கொட்டக் கூடாதுன்னு தெனமும் சாப்ட்டேன். இன்னா ஆவும்?"

"தெரியலம்மா" என்றேன். எனக்கு அவமானமாகவும் பயமாகவும் இருந்தது. கடைக்காரர் சொன்னதை இரண்டாம் முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலம்மாள் அக்கா முறத்தில் மிச்சமிருந்த அந்த வயல் பயறை எடுத்துப்போய்க் குப்பைக் குழியில் கொட்டி, மேலே சாணியைப் போட்டு மூடினாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "வா" என்றாள்.

"எங்கக்கா?"

"இன்னும் ஆறு வூடு கீது. நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

என்னை முன்னால் விட்டு அவள் பின்னால் நடந்தாள். முதல் வீட்டில் சுற்றி வளைத்து, மழை, ஆள் இல்லை, வண்டி என்று கால் மணி நேரம் பேசினேன். மூன்றாவது வீட்டில் இரண்டு வாக்கியமாகக் குறைந்தது. ஒரு வீட்டில் திட்டினார்கள், ஒரு வீட்டில் சிரித்தார்கள், ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மருந்தின் பெயரை யாரும் கேட்கவில்லை. எல்லா வீட்டிலும் முதலில் வந்த கேள்வி ஒன்றேதான்: "நீங்க இன்னா சாப்ட்டீங்க?" ஆறு தடவையும் பதில் சொன்னேன். கடைசி வீட்டில் அன்றைக்குத்தான் அதில் சுண்டல் செய்திருந்தார்கள். சட்டியோடு கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள் அந்த வீட்டுக்காரி.

மறுநாள் சுகன்யாவை நானே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். மருந்து டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டேன். நர்ஸ் அர்ச்சனா அதன் பெயரை எழுதிக்கொண்டு டாக்டரிடம் காட்டினாள். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், ரத்தம் எடுத்தார்கள். இப்போதைக்கு வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை, ஆனால் அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அர்ச்சனா சுகன்யாவிடம், "பயிற நிறுத்திடாதம்மா. ரத்தம் ஊற, குழந்தை வளர, உனக்கு அதான் சாப்பாடு. மாத்திரையோட அதுவும் வேணும். நல்லதாப் பாத்துச் சாப்பிடு" என்றாள். நல்லதாப் பார்த்து என்று சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததே போதுமானதாக இருந்தது.

போர் ஓரத்துப் பயறு மொத்தத்தையும் சுகன்யா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பக்கீர் முகமதுவுக்குப் போன் போட்டு, சரக்கு எடுக்க வண்டி அனுப்ப வேண்டாம் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன்.

"இந்த வருசம் எனக்குப் போட்டவங்கள்ல பாதிப் பேரு வண்டியிலதான் அறுத்தாங்க பாய்" என்றார். பதற்றத்தில் என்னையே பாய் என்று கூப்பிட்டுவிட்டார். "சொன்னது நீங்க ஒருத்தர்தான். மிச்சத்த நான் இன்னா பண்றது, சொல்லுங்க?"

என் மூட்டைகளைக் கொண்டுபோய்க் குப்பைக் குழியில் கொட்டினேன்.

ஆனி மாதம் சுகன்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எழுநூறு. கை, கால், அழுகை எல்லாம் சரியாக இருந்தது. "பாத்தியா, ஒண்ணும் ஆவல. நீதான் ஊரக் கூட்டிட்ட" என்று டீக்கடையில் என்னைத் தட்டிக்கொடுத்தவர்கள் உண்டு. அந்தத் தட்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பது என் சாமர்த்தியம் அல்ல. ஆகியிருந்தால் நான் அந்தத் தெருவில் எப்படி நடந்திருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். பதில் வரும் முன்னே நினைப்பை நிறுத்திவிடுகிறேன்.

இந்த வருஷம் கையால்தான் எடுத்தோம். கூலியை ஆறுக்கு ஒன்று என்று ஏற்றினேன். வேலம்மாள் அக்கா மூன்று நாள் யோசித்துவிட்டு, ஒன்பது பேரோடு வந்தாள். நானும் ஆதிலட்சுமியும் அவர்களோடு இறங்கிக் குனிந்தோம். முதுகு விட்டுப் போனது. மூன்றாம் எடுப்பு பாதிக்கு மேல் வெடித்துக் கொட்டிவிட்டது. கொட்டியதைப் பொறுக்க ஊரே வந்தது. நான் வரப்பில் நிமிர்ந்து நின்றேன்.

குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்து கஞ்சி பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, புதுப்பயறில் இரண்டு படி எடுத்துக்கொண்டு போனேன். வறுத்து, உடைத்து, அரிசியோடு சேர்த்துக் குழைய வேகவைத்துக் கொடுத்தால் பிள்ளை தேறும். சுகன்யா நன்றாகத் தேறியிருந்தாள். இடுப்பில் குழந்தையோடு வந்து, "வாங்க மாமா" என்று சிரித்து, பையை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"இது எந்தப் பக்கத்துது மாமா?"

அதில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. கடையில் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். இந்த வருஷம் பக்கமே இல்லை, வயல் பூராவும் ஒன்றுதான் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு பையை உள்ளே எடுத்துப் போனாள். நம்பினாளா என்று அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. நம்பினாயா என்று கேட்கிற வாயும் எனக்கு இல்லை.